பெற்றுக்கொண்டவர்: சுற்றுச்சூழல்

ஒரு மனிதர் சூரியனுக்காகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், காற்றுக்காகப் போட்டிருக்கிறார், ஆற்றில் விழுகிற தண்ணீருக்காகவும் போட்டிருக்கிறார் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் புள்ளிவிவர அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், கழிப்பறைக்குப் பக்கத்து அறையில் இருக்கும் பீரோவைத் திறந்து பார்த்தால் அந்தக் கையெழுத்துகள் இன்னும் இருக்கின்றன. கொஞ்சம் சாய்ந்து, கடைசி எழுத்தில் வால் நீண்ட கையெழுத்து. போட்டவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி அலுவலகத்துக்கும் தெருவுக்கும் அவர் பஞ்சபூதம்.

அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொள்ளும்வரை அவர் வெறும் எரிசக்திப் பிரிவுக் கண்காணிப்பாளர். ஒல்லி உடம்பு, தேய்த்த சட்டை, ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடினால் போய் நிறுத்திவிட்டு வரும் பழக்கம். அவருடைய அப்பா ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போட்டவர். வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போதெல்லாம், போட்ட கரியில் கொஞ்சம் வண்டியை இழுக்குது, மிச்சமெல்லாம் வானத்துக்குப் போகுது என்று அலுத்துக்கொள்வார். மகன் அந்த மிச்சத்தை எண்ணுகிற வேலைக்கே வந்து சேர்வான் என்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

வேலை என்னவோ சுலபமாகத்தான் இருந்தது. கரிக்காரர்கள் டன்னில் கணக்குக் கொடுப்பார்கள், எண்ணெய்க்காரர்கள் லிட்டரில், மின்சாரக்காரர்கள் யூனிட்டில். நாட்டுக்குள் வந்தது இவ்வளவு, செலவானது இவ்வளவு என்று இவர் ஒரு பட்டியல் போடுவார். வந்ததும் செலவானதும் ஒருநாளும் ஒட்டியதில்லை. ஒட்டாததை எல்லாம் 'இதர' என்ற வரிசையில் தள்ளிவிட்டு, எல்லோரும் நிம்மதியாக டீ குடிக்கப் போவார்கள். வருஷத்துக்கு வருஷம் 'இதர' கொழுத்துக்கொண்டே போனது. நாட்டில் அதைவிடப் பொறுமைசாலி வேறு யாரும் இல்லை. எதைத் தலையில் கட்டினாலும் வாங்கிக்கொண்டது.

இந்தச் சுகத்தில் மண்ணைப் போட வந்தார் அமைச்சகம் அனுப்பிய ஆலோசகர் அம்மாள். பலகையில் இரண்டு அட்டவணைகள் வரைந்தார். எரிசக்தியைப் பொருளாதாரத்தோடும் சுற்றுச்சூழலோடும் சேர்த்து வைத்துக் கணக்குப் பார்க்கும் புது முறை இது என்றார். இனிமேல் கரி, எண்ணெய், விறகு, காற்று எல்லாமே ஜூல் என்ற ஒரே அளவில்தான். இயற்கையிலிருந்து எடுத்தது எவ்வளவு, எந்தத் தொழில் எவ்வளவு வாங்கியது, வீடுகள் எவ்வளவு, கடைசியில் வெப்பமாக இயற்கைக்கே திரும்பியது எவ்வளவு என்று கட்டம் கட்டமாகப் பிரிக்க வேண்டும். ஒருவர் கொடுத்தது இன்னொருவர் வாங்கியதோடு ஒட்ட வேண்டும். 'இதர' என்ற வரிசையைத் துடைப்பானால் அழித்தே விட்டார். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சொந்தத்தில் ஒரு சாவு விழுந்த மாதிரி இருந்தது.

ஒருவருக்கு மட்டும் உச்சி குளிர்ந்தது. இயக்குநருக்கு. அவர் இந்த நாற்காலிக்கு வருமுன் அரசாங்க ஸ்டோரில் பெரிய அதிகாரியாக இருந்தவர். கொடுத்தவர் கையெழுத்தும் பெற்றுக்கொண்டவர் கையெழுத்தும் இல்லாமல் ஒரு குண்டூசியைக்கூட வெளியே விடாதவர். இவ்வளவு காலம் புரியாமல் தலையாட்டிக்கொண்டிருந்த புள்ளிவிவரம் அன்றைக்குத்தான் அவருக்குத் தன் பாஷையில் பேசியது. உடனே உத்தரவு போட்டார்: ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பொறுப்பாளர், அவர் கையெழுத்து இல்லாமல் எந்த எண்ணும் ஏறாது. கரிக்கு ஆள் இருந்தது, எண்ணெய்க்கு இருந்தது, தொழில்களுக்குச் சங்கங்கள் இருந்தன. முதல் கட்டமும் கடைசிக் கட்டமும் மட்டும் காலி. இரண்டும் சுற்றுச்சூழல்.

"சுற்றுச்சூழல் சார்பா யாரு?" என்று கேட்டுவிட்டு இயக்குநர் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

இயற்கைக்குப் பொறுப்பாளர் வைப்பது இந்த முறையில் கிடையாது, அது வெறும் கட்டம்தான் என்று ஆலோசகர் அம்மாள் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். ஆள் இல்லாத கட்டத்திலிருந்து சரக்கு எடுத்தால் அதற்குப் பெயர் திருட்டு என்று இயக்குநர் சொல்லிவிட்டார். எல்லோரும் குனிந்து தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். நம்மவர் அந்த நேரம் பார்த்து, ஆள் இல்லாத மூலையில் ஓடிய ஃபேனை நிறுத்த எழுந்தார். எழுந்தவர் தலையில் விடிந்தது.

மறுவாரமே ரப்பர் ஸ்டாம்ப் வந்துவிட்டது. மேலே கொட்டை எழுத்தில் 'சுற்றுச்சூழல்'. கீழே 'கொடுத்தவர் / பெற்றுக்கொண்டவர்', வேண்டாததை அடிக்க வேண்டும். அதற்கும் கீழே 'அளவு' என்று ஒரு கோடு. பஞ்சபூதம் என்ற பெயரை வைத்தது டெஸ்பாட்ச் குமாஸ்தா என்பார்கள். யார் வைத்தாலும் அது சாயங்காலத்துக்குள் குடியிருப்பு வரை போய்விட்டது.

குடியிருப்பு என்பது அரசு ஊழியர்களுக்காகக் கட்டிய ஒரே வரிசை வீடுகள். ஒரு கோடியில் இயக்குநர், மறு கோடியில் மின்துறைப் பொறியாளர், நடுவில் இவர். பின்னறையில் இவருடைய மனைவி முட்டை பொரிக்கும் பெட்டி வைத்திருந்தாள். பண்ணைக்காரர்கள் முட்டை கொண்டுவந்து கொடுப்பார்கள், இவள் குஞ்சாக்கிக் கொடுப்பாள். தெரு அவளைக் கோழியக்கா என்றது. பழைய ஃப்ரிட்ஜ் கூட்டில் பல்பும் சின்ன ஃபேனும் பொருத்தி அவளே செய்த பெட்டி அது. ஒரு டிகிரி கூடினாலும் குறைந்தாலும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்த மாதிரி ஓடுவாள்.

சூரியனுக்குக் கையெழுத்துப் போட்ட அன்று அவர் மொட்டை மாடியில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி துணிவாளியோடு மேலே வந்தாள்.

"கையெழுத்துப் போட்டாச்சா? அப்ப துணி காயப்போடலாமா?" என்று கேட்டாள்.

அவருக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கு விளையாட்டு, இவருக்குப் பொறுப்பு. காற்றாலைகள் எடுத்த காற்று, அணைகள் எடுத்த தண்ணீர், காட்டிலிருந்து வந்த விறகு எல்லாவற்றுக்கும் 'கொடுத்தவர்' என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துத்தான் போட்டார். கொடுப்பதில் தகராறே இல்லை. வாங்குவதில்தான் வந்தது.

'இதர' செத்துப்போன செய்தி பரவியதும், அதில் கொட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் இவர் மேசைக்கு வரிசை கட்டினார்கள். எண்ணெய்க் கிடங்குக்காரர் தன் தொட்டிகளிலிருந்து ஆவியாகிப் போனதைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துக் கேட்டார். அந்த ஆவியில் ஒரு லாரிக் கூட்டமே ஓடியிருக்கலாம். கரிக்காரர் தூசி கொண்டுவந்தார். எல்லோருக்கும் ஒரே பேச்சு: எல்லாம் கடைசியில் உங்ககிட்ட தானே வருது. பஞ்சபூதம் முடிந்தவரை ஆதாரம் கேட்டார், பாதியைத் திருப்பி அனுப்பினார். ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவர், ஸ்டாம்ப் வந்ததும் கண்ணைத் திறந்துவிட்டார் என்று கிடங்குக்காரர் வராந்தாவில் நின்று திட்டிவிட்டுப் போனார்.

கடைசியாக வந்தவர் பொறியாளர். அனுப்பிய மின்சாரத்துக்கும் மீட்டரில் விழுந்த மின்சாரத்துக்கும் நடுவில் இருந்த பெரிய ஓட்டையை 'கம்பியில் வெப்பமாகி சுற்றுச்சூழலுக்குத் திரும்பியது' என்று ஒரே வரியில் பூசி மெழுகி எடுத்துவந்திருந்தார். கம்பி சூடாவது உண்மைதான், ஆனால் இவ்வளவா என்று இவருக்கு உறுத்தியது. டிரான்ஸ்ஃபார்மர் வாரியாகப் பிரித்துக் கொடுங்கள் என்றார். கொடுத்த பட்டியலில் ஒன்று மட்டும் தனியாக முறைத்துக்கொண்டு நின்றது. அதற்குள் போன மின்சாரம் அவ்வளவும் வெப்பமாகவே போய்விட்டதாம். அப்படியானால் அந்தக் கம்பியில் உட்கார்ந்த காக்கை எழுந்து போயிருக்க முடியாது.

சரக்கைப் பார்க்காமல் பெற்றுக்கொண்டேன் என்று எழுதக் கூடாது என்பது இயக்குநரே போட்ட விதி. அதனால் பஞ்சபூதம் நேரிலேயே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். மனைவியின் பெட்டியில் செருகியிருந்த கண்ணாடித் தெர்மாமீட்டரைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சூட்டைக் காட்டப் பெட்டியிலேயே கரண்டில் ஓடும் ஒரு எண்பலகை இருந்ததால் அவளும் கொடுத்தாள். ஆனால் சாயங்காலம் வந்துவிட வேண்டும் என்றாள். உள்ளே இருந்த முட்டைகள் ஒரு பெரிய பண்ணைக்காரியுடையவை. போன தடவை வோல்டேஜ் கோளாறில் பாதி வீணாகிவிட்டது. இந்தத் தடவையும் போனால் பெட்டியை மூடிவிட வேண்டியதுதான் என்று பண்ணைக்காரி சொல்லியிருந்தாள். பொரிய இன்னும் மூன்று நாள் இருந்தது.

லைன்மேன் ஒருவர் அவரைச் சந்து சந்தாகக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு மதிலுக்குப் பின்னால் அந்த டிரான்ஸ்ஃபார்மர் சாதுவாக நின்றது. பஞ்சபூதம் மர ஸ்டூல் போட்டு ஏறி, எட்டினவரைக்கும் தெர்மாமீட்டரை நீட்டிப் பிடித்தார். கூட்டம் கூடிவிட்டது. டிரான்ஸ்ஃபார்மருக்கும் காய்ச்சல் வருமா என்று ஒருவர் கேட்டார். இவர் கடமையாக, இல்லை, லேசான கதகதப்புதான் என்றார். அப்படியானால் மின்சாரம் மின்சாரமாகவே போயிருக்கிறது. யாரோ வாங்கியிருக்கிறார்கள்.

கம்பி போகும் வழியே கண்ணை ஓட்டினார். அது மதிலைத் தாண்டி ஒரு வரிசை வீடுகளின் பின்பக்கம் போனது. ஒரு வீட்டின் கொடியில் காய்ந்த சட்டை எங்கேயோ பார்த்த சட்டையாக இருந்தது. இரண்டாவது பொத்தான் வேறு நிறத்தில் தைத்திருந்தது. அவருடைய சட்டையேதான். தன் வீட்டை அவர் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை.

விஷயம் இவ்வளவுதான். குடியிருப்பு முழுக்கச் சேர்த்து ஒரே மீட்டர். அது எப்போதோ நின்றுபோய், உள்ளே சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. மின்சாரத்துக்கென்று எல்லோர் சம்பளத்திலும் ஒரே தொகை பிடித்துக்கொண்டிருந்ததால் யாரும் திருடவில்லை, யாரும் அளக்கவும் இல்லை. பொறியாளர் வீட்டில் அறைக்கு ஒரு ஏசி. இயக்குநர் வீட்டு மீன்தொட்டிக்கு ராப்பகலாக ஹீட்டர். நடுவில் கோழியக்காவின் பெட்டி. நாட்டின் எரிசக்தியை ஒரு தலைமுறையாகக் கணக்கு வைத்தவர்களும், அனுப்பியவர்களும், மேற்பார்வை பார்த்தவர்களும் ஒரே வரிசையில் குடியிருந்து, கணக்கிலேயே இல்லாமல் எரித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் உள்ளதைச் சொன்னார். இவர் பெற்றுக்கொள்ளவில்லை என்று எழுதினால், பெற்றுக்கொண்டவர் இல்லாத சரக்கை இயக்குநர் நிறுத்திவிடுவார். கரண்ட் போகும். அவள் பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"வாங்கலைன்னா வாங்கலைன்னே எழுதுங்க. நான் பொய் எழுதச் சொல்லல. மூணு நாள் கழிச்சு எழுதக் கூடாதா? இயற்கைக்கு என்ன அப்படி அவசரம்?"

அட்டவணை மறுநாள் அமைச்சகம் போக வேண்டும். பேசாமல் கையெழுத்துப் போட்டுவிடுவது என்ற முடிவோடுதான் மறுநாள் அலுவலகம் போனார். வாழ்நாளெல்லாம் 'இதர'வில் தள்ளியவருக்கு இது ஒன்றும் புதிதில்லை. கட்டிய மனைவிக்காக ஒரு தடவை இயற்கை பொய் சொன்னால் உலகம் கவிழ்ந்துவிடாது. ஸ்டாம்பை மையில் அழுத்தியும் விட்டார்.

எதிரே உட்கார்ந்திருந்த பொறியாளர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் பைக்குள்ளிருந்து இன்னும் சில தாள்களை எடுத்தார். எண்ணே எழுதாத வெற்றுத் தாள்கள்.

"அண்ணே, அடுத்த வருஷத்துக்கும், அதுக்கடுத்த வருஷத்துக்கும் சேத்து இப்பவே போட்டுருங்க. எப்படியும் நீங்கதானே வாங்கப் போறீங்க."

இன்னும் அனுப்பாத மின்சாரத்தின் இன்னும் சூடாகாத வெப்பத்தைப் பெற்றுக்கொண்டேன் என்று எழுதச் சொல்கிறான். பஞ்சபூதத்துக்கு வந்ததே கோபம். முப்பது வருஷமாக அவருக்கு வராமல் சேர்ந்திருந்த கோபம் அது. இந்தச் சூடு எங்கிட்ட வரல என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. வெற்றுத் தாள், எழுதிய தாள் எல்லாவற்றிலும் 'பெற்றுக்கொண்டவர்' என்பதை அடித்தார், 'கொடுத்தவர்' என்பதையும் அடித்தார், கீழே 'வந்து சேரவில்லை' என்று எழுதி நீட்டினார்.

அந்தத் தாள்கள் மேசைக்கு வந்ததும் இயக்குநர் பெருமையில் பூரித்துப்போனார். பெற்றுக்கொண்டவர் இல்லாத சரக்கு வெளியே போகக் கூடாது, அந்த டிரான்ஸ்ஃபார்மரை உடனே நிறுத்து, வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்துக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் விட வேண்டும் என்று அங்கேயே எழுதினார். அது எந்த டிரான்ஸ்ஃபார்மர் என்று பஞ்சபூதம் சொல்ல வாயெடுத்தார். இயக்குநர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார், யாருக்கும் சலுகை கிடையாது என்றார். கொஞ்ச நேரத்தில் வீட்டிலிருந்து அவருக்கு ஃபோன் வந்தது, மீனெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்துகிறது என்று. எந்த மடையன் கரண்டை நிறுத்தினான் என்று அவர் கத்தியது இரண்டு மாடிக்குக் கேட்டது. உத்தரவை ரத்து செய்ய அவரால் முடியவில்லை. ரத்துக்கும் பெற்றுக்கொண்டவர் கையெழுத்து வேண்டும் என்று அவரே விதி வைத்திருந்தார். மீட்டர்கள் ஸ்டோரிலிருந்து வர இரண்டு நாள் ஆகும்.

பஞ்சபூதம் வீட்டுக்குப் போன நடை, நடை இல்லை. மனைவி அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. பெட்டியின் எண்பலகை அணைந்து கிடந்தது. உள்ளங்கையை மட்டும் நீட்டினாள். முந்தின நாள் கொடுக்க மறந்திருந்த தெர்மாமீட்டரை அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். வாழ்க்கையில் முதல் தடவையாக நேர்மையாக ஒரு காரியம் செய்ததற்கு அவருக்கு அவமானமாக இருந்தது.

அவள் வேலையில் இறங்கிவிட்டாள். கேஸ் அடுப்பில் வெந்நீர் போட்டு, பாட்டில்களில் ஊற்றி, துணி சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். ஆறியதை எடுத்துச் சூடானதை மாற்றினாள். அவர் பாட்டில் தூக்கினார். ஏசி இல்லாமல் வெந்துகொண்டிருந்த அக்கம்பக்கத்தாருக்கு வேறு போக்கிடம் இல்லை, ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் சும்மா போக முடியவில்லை. ஒருத்தி தன் வீட்டு அடுப்பிலும் வெந்நீர் போட்டாள், ஒருவர் கம்பளி கொண்டுவந்தார். மறுநாள் பொறியாளரே பனியன் நனைய நனையப் பாட்டில் சுமந்தார். அவருடைய வாழ்க்கையில் எந்த இழப்பும் இல்லாமல் சூட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அன்றைக்குத்தான்.

அதற்கடுத்த நாள் வெயில் ஏறிய நேரத்தில், தெர்மாமீட்டரைப் பார்த்த கோழியக்காவின் முகம் மாறியது. பாட்டில்களை எல்லாம் வெளியே எடுக்கச் சொன்னாள். சூடு குறையவில்லை, ஏறுகிறது என்றாள். பாட்டிலை எடுத்த பிறகும் பாதரசம் இறங்காமல் நின்றது. அந்த நேரம் பார்த்து மீன்களுக்கு வெந்நீர் கேட்டு வந்த இயக்குநர் அதைப் பார்த்துவிட்டார். கரண்டும் இல்லை, கேஸும் இல்லை, சரக்கு மட்டும் இருப்பில் இருக்கிறது. அவரால் அதைச் சும்மா விட முடியுமா?

"இந்தச் சூட்டைக் கொடுத்தது யாரு?" என்றார்.

"உள்ள இருக்கறவங்க சார்" என்றாள் கோழியக்கா. "கடைசி நாள்ல அதுங்களே சூடு கொடுக்கும். ஒண்ணுக்கொண்ணு கொடுத்துக்கும்."

"கையெழுத்து?"

அவள் ஒரு முட்டையைத் திருப்பிக் காட்டினாள். அதன் ஓட்டில், உள்ளேயிருந்து கொத்திய இடத்தில், சின்னதாக ஒரு கீறல் விழுந்திருந்தது. இயக்குநர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு, சரி, ஒழுங்காத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றார்.

சாயங்காலத்துக்குள் அறை முழுக்கக் கீச்சுக் கீச்சென்று ஆகிவிட்டது. எல்லாம் பொரியவில்லை. ஆனால் பண்ணைக்காரி முகம் சுளிக்காத அளவுக்குப் பொரிந்தன. பஞ்சபூதம் கதவோரமாகவே நின்றுகொண்டிருந்தார். கிட்டே போக அவருக்குத் தைரியம் இல்லை. மனைவி ஈரம் காயாத ஒரு குஞ்சை எடுத்துவந்து அவர் கையில் வைத்தாள்.

"இந்தாங்க, பெற்றுக்கோங்க. இது நெசமாவே வந்த சூடு."

உள்ளங்கையில் அது நடுங்கியது. சூடு அதிலிருந்து அவருக்குள் ஏறுவது தெரிந்தது. அவர் அழுதார். புழுக்கத்தில் எல்லோருக்கும் முகம் நனைந்திருந்ததால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

மீட்டர்கள் வந்தன. அட்டவணை தாமதமாகப் போனது. அதில் வீடுகள் என்ற கட்டம் கொஞ்சம் பெருத்திருந்தது. கோழியக்காவின் பெட்டி தொழில்கள் பக்கம் ஒரு மூலையில் ஏறியது. தன் முறைக்கும் இந்த முட்டைகளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று ஆலோசகர் அம்மாள் தனியாக ஒரு கடிதம் எழுதினார். பஞ்சபூதம் ஓய்வு பெற்றபோது ஸ்டாம்பைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள், பெற்றுக்கொள்ள அடுத்த சுற்றுச்சூழல் யாரும் நியமனம் ஆகாததால் அது அவரிடமே தங்கிவிட்டது.

பொரிக்கும் பெட்டி இன்னும் ஓடுகிறது. அதன் மூடியில் மங்கலாக ஒரு முத்திரை இருக்கிறது. குஞ்சு கைக்கு வந்த அன்று அவர் குத்தியது. அதன்மேல் ஈரத்துணி பட மனைவி விடுவதில்லை. 'கொடுத்தவர்' என்பதை அடித்துவிட்டு வால் நீண்ட கையெழுத்தைப் போட்டிருக்கிறார். எந்தக் கட்டத்தையும் காலியாக விட்டறியாத மனிதர், அளவு என்ற கோட்டில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை.